பழ வாசனையோடு வரும் புகை

துவைக்க எடுக்கும் சட்டையின் காலரை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தலைமுறையாக வந்த பழக்கம். வரதராஜன்பேட்டையில் இருக்கும் என் தங்கையும் அப்படித்தான் பார்த்தாள். பீடி வாசம் இல்லை, சிகரெட் வாசமும் இல்லை. ஏதோ பழ வாசனை. ஏப்ரல் மாதம், சுற்றிலும் முந்திரிக் காடு, பழம் உதிர்ந்து கிடக்கும் காலம். மகன் தோப்புக்குப் போய் வந்திருப்பான் என்று விட்டுவிட்டாள். நாலு நாள் கழித்து அதே வாசம் மறுபடி வந்தபோதுதான் உறைத்திருக்கிறது. முந்திரிப்பழ வாடையில் ஒரு காட்டம் இருக்கும். இது மிட்டாய்க் கடை வாசம். ஆப்பிளும் சோம்பும் கலந்த மாதிரி.

பையனுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தான். நான் ஊருக்குப் போயிருந்த அன்று தனியாக உட்கார்த்திக் கேட்டேன்.

“சிகரெட்டெல்லாம் இல்ல பெரியம்மா. ஹூக்கா. தண்ணியில வடிகட்டித்தான் வருது, ஒண்ணும் பண்ணாது.”

கூடப் படிக்கும் ஒருவனின் அண்ணன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே ஷீஷா என்று சொல்லும் அந்தக் குடுவையை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறான். சாயங்காலம் மாடியில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே குழாயை மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார்கள். “லேசா கிறுகிறுன்னு வரும். அதுதான் அதுல விசேஷம்” என்றான். அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை. சொன்னதையெல்லாம் உண்மையென்று நம்பித்தான் சொன்னான். இதை எழுத உட்கார வைத்தது அந்த நம்பிக்கைதான்.

தண்ணீர் புகையைச் சுத்தம் செய்யும் என்ற எண்ணம் நானூறு வருடத்துப் பழையது. அக்பர் அரண்மனை வைத்தியர் ஒருவர் அப்படி நம்பித்தான் இந்தக் கருவியை அமைத்தார் என்று சொல்வதுண்டு. உண்மையில் தண்ணீர் முக்கியமாகச் செய்வது புகையைக் குளிர வைப்பதுதான். சூடு இல்லாத புகை தொண்டையில் உறுத்தாது, இருமல் வராது. அதனால் நெஞ்சு நிறைய, நீளமாக இழுக்க முடிகிறது. உறுத்தல் என்பது உடம்பு தரும் எச்சரிக்கை. ஹூக்கா அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுகிறது.

கருவியைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் விளங்கும். உச்சியில் ஒரு கிண்ணம். அதில் வெல்லப்பாகு, கிளிசரின், பழ வாசனை சேர்த்துப் பிசைந்த புகையிலை. பார்க்க ஜாம் மாதிரி ஈரமாக இருக்கும், புகையிலை என்றே தோன்றாது. அதன்மேல் துளையிட்ட அலுமினியத் தாள், தாளின் மேல் கங்காகக் கனலும் கரி. கீழே தண்டு, தண்ணீர்க் குடுவை, பக்கவாட்டில் குழாய். அந்தக் கரியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். குழாயை இழுக்கிறவன் புகையிலைப் புகையோடு அடுப்புக்கரிப் புகையையும் சேர்த்தே இழுக்கிறான். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என் தங்கை மகன் விசேஷம் என்று சொன்ன கிறுகிறுப்பில் நிகோடினுக்கு ஒரு பங்கு, மூளைக்கு ஆக்சிஜன் குறைவதற்கு ஒரு பங்கு. கதவைச் சாத்திய ஏசி அறையில் இதே வேலையைச் செய்தால் மயங்கி விழ வாய்ப்புண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதைப் பற்றி ஓர் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. ஒரு சிகரெட்டை முடிக்க 5 முதல் 7 நிமிடம், 8 முதல் 12 இழுப்பு, உள்ளே போகும் புகை ஏறக்குறைய அரை லிட்டர். ஹூக்காவின் முன் உட்கார்ந்தால் 20 முதல் 80 நிமிடம், 50 முதல் 200 இழுப்பு, ஒவ்வோர் இழுப்பும் 0.15 லிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை. ஒரே உட்காரலில் நூறு சிகரெட்டுக்கும் மேற்பட்ட புகையின் கனஅளவு உள்ளே போகலாம் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. நூறு சிகரெட்டின் விஷம் அப்படியே ஏறும் என்று இதற்குப் பொருளில்லை, இது புகையின் அளவுக் கணக்கு. ஆனாலும் “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்ல அதில் இடமே இல்லை. நாலு வாய் மாறும் ஒரே குழாயில் காசநோய்க் கிருமியும் சேர்ந்து மாறலாம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2003-இல் வந்த மத்திய புகையிலைச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்தது. ஆனால் 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய உணவகம் புகைப்பதற்கெனத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தது. ஹூக்கா பார்கள் அந்த வாசல் வழியாகத்தான் பெருநகரங்களுக்குள் நுழைந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தனி இடத்தில் ஹூக்காவைத் தடுக்க அன்றைய விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. பிறகு 2017-இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, புகைக்கும் இடத்தில் எதையும் பரிமாறக் கூடாது என்றது. அதே வருடம் குஜராத் ஹூக்கா பார்களுக்கே தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2017 டிசம்பர் இறுதியில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்து உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். ஹூக்காக் கரியின் பொறியே காரணமாக இருக்கலாம் என்று தீயணைப்புத் துறை அறிக்கை சொன்னது. அடுத்த வருடம் மகாராஷ்டிராவும் தடை செய்தது.

தமிழ்நாட்டு முறை 2022-இல் வந்தது. அக்டோபர் 19 அன்று சட்டமன்றம் திருத்த மசோதாவை நிறைவேற்றியது, 2023-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உணவகம் உட்பட எந்த இடத்திலும் ஹூக்கா பார் திறக்கவோ நடத்தவோ கூடாது. மீறினால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. அபராதம் 20,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை. உதவி ஆய்வாளருக்குக் குறையாத காவல் அதிகாரி பொருட்களைப் பறிமுதல் செய்யலாம்.

நல்ல சட்டம், வேண்டிய சட்டம். சென்னையிலோ திருச்சியிலோ கல்லூரிக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளை பளபளக்கும் விளக்குப் போட்ட ஒரு கடைக்குள் கூட்டமாகப் போய் உட்காரும் வாய்ப்பை இது குறைக்கிறது. ஆனால் வரதராஜன்பேட்டைக்கு இந்தச் சட்டத்தால் நேரடியாக என்ன பயன்? அரியலூர் மாவட்டத்தின் இந்தச் சிறிய பேரூராட்சியில் யாரும் ஹூக்கா பார் திறக்கப் போவதில்லை. இங்கே அது மாடியிலும் வாடகை அறையிலும் தோப்பிலும்தான் நடக்கும். கடையை நடத்துவதைத் தடுக்கும் சட்டம் குடுவையை விற்பதைத் தொடவில்லை. கைபேசியில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, “மூலிகை ஹூக்கா, புகையிலை இல்லை” என்ற பெயர்ப்பலகை. மூலச் சட்டம் புகையிலைப் பொருட்களுக்கானது என்பதால் இந்த வாதம் பல மாநிலங்களில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆனால் புகையிலை இல்லாவிட்டாலும் கரி இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தாரும் இருக்கிறது. மூலிகை என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையை இப்படிக் காசாக்குவது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. இரண்டாவது ஓட்டை, எல்லை. தமிழ்நாட்டின் திருத்தம் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரிக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. பிள்ளைகள் நண்பர்களோடு பிறந்தநாள் கொண்டாட எங்கே போகிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரியும். அங்கே மத்தியச் சட்டம் மட்டுமே துணை.

ஆகவே பதின்வயதுப் பிள்ளையைக் காக்க, பாரை விட்டுவிட்டு வேறு சட்டங்களைப் பார்க்க வேண்டும். அவை ஏற்கெனவே இருக்கின்றன. நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, சிறார் நீதிச் சட்டம், 2015. அதன் 77-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மருத்துவர் சொல்லாமல் மதுவோ போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பதும் கொடுக்கச் செய்வதும் குற்றம் என்கிறது. ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அடுத்த பிரிவு, பிள்ளைகளை வைத்து மதுவையோ போதைப்பொருளையோ விற்பதற்கும் கடத்துவதற்கும் அதே தண்டனை சொல்கிறது. இங்கே குற்றவாளி கொடுத்தவர். வாங்கி இழுத்த பிள்ளை பாதிக்கப்பட்டவன். என் தங்கை பத்து நாள் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், “போலீஸ்னு போனா புள்ள பேர்ல கேஸ் ஆயிடும், காலேஜ் சீட்டு போயிடும்” என்ற பயம். எத்தனையோ வீடுகளில் இதே பயம்தான் வாயைப் பூட்டுகிறது. 77-ஆம் பிரிவில் பிள்ளையின் பேரில் வழக்கு எழாது.

இந்தச் சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் வந்த திருத்தத்தின்படி, 2022 செப்டம்பரிலிருந்து, மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை தானாக விசாரணையைத் தொடங்க முடியாது. 77-ஆம் பிரிவு அதற்குள் விழுகிறது. ஏழாண்டு தண்டனை என்று எழுதிவிட்டு, காவல் நிலையத்தின் கையைக் கட்டிவிட்டார்கள். அதனால் “இதுல எஃப்ஐஆர் போட முடியாதும்மா” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நடுவரிடம் போகலாம். அதைவிடச் சுலபமான வழி, மாவட்டந்தோறும் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ போவது. 1098 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழிகாட்டுவார்கள். கட்டணம் கிடையாது.

இரண்டாவது, 2003 சட்டத்தின் 6-ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக் கூடாது. வாங்கியவனுக்கு 18 வயது ஆகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடைக்காரருடையது. “பாத்தா பெரிய பையனாத் தெரிஞ்சான்” என்பது சட்டத்தின் முன் நிற்காது. இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். “டேய், மாமாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா” என்று பத்து வயதுப் பையனைக் கடைக்கு அனுப்பாத தெரு உண்டா? யாருக்காக வாங்கினாலும் அந்த விற்பனை தவறுதான். 2019-இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவது தெரிந்தது. சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு!

இந்தப் பிரிவை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. இருபது வருடத்துக்கு முன் எழுதிய தொகை இன்றும் அதேதான். ஒரு பெட்டிக்கடைக்கு இது ஒரு மணி நேர வியாபாரம். மாற்ற வேண்டிய முதல் விஷயம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, மின்னணு ஹூக்கா. பேனா மாதிரி, பென்டிரைவ் மாதிரி சட்டைப்பையில் அடங்கிவிடும். இதற்கு 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நாடு முழுவதும் தடை விதித்திருக்கிறது. இ-சிகரெட்டோடு இ-ஹூக்காவும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அடுத்த முறை மூன்றாண்டு, ஐந்து லட்சம். இங்கே புதுச்சேரி எல்லையெல்லாம் செல்லாது.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூர்தான் முதலில் கண்ணில் படுகிறது. அங்கே 2014-இல் அறிவித்து, கடைக்காரர்களுக்கு அவகாசம் கொடுத்து, 2016 ஆகஸ்டிலிருந்து ஷீஷாவின் இறக்குமதி, விற்பனை இரண்டையும் அறவே நிறுத்திவிட்டார்கள். புகையிலை வாங்கும் வயதையும் படிப்படியாக 21 ஆக்கினார்கள். இலங்கையில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே 21 தான். கர்நாடகச் சட்டமன்றம் 2024-இல் ஹூக்கா பார் தடையோடு வயதையும் 21 ஆக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழ்நாடு இன்னும் 18-இல் நிற்கிறது. கல்லூரி முதலாண்டில் சேர்பவனுக்கு வயது 18. விடுதி, புது நண்பர்கள், கையில் கொஞ்சம் பணம், எல்லாம் சேர்ந்து வரும் அந்த வருடத்தில்தான் நம் சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் ஹூக்காவுக்கு வேறு பல நாடுகளில் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. அமெரிக்கா 2009-இல் பழச்சுவை சிகரெட்டைத் தடை செய்தபோதும், ஐரோப்பா பின்னர் அதையே செய்தபோதும், ஹூக்காப் புகையிலையின் சுவைகளைத் தொடவில்லை. பண்பாடு, பாரம்பரியம் என்று காரணம் சொல்வார்கள். ஹரியானா கிராமத்துப் பெரியவர்கள் திண்ணையில் வைத்திருக்கும் ஹூக்காவுக்கு அந்தப் பேச்சு பொருந்தலாம். நமக்கு அதுவும் இல்லை. சுருட்டும் பீடியும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும்தான் நம் பக்கத்துப் பழக்கம். வேர் பிடிக்காத செடியைப் பிடுங்குவது சுலபம். அதனால் தமிழ்நாடு தயங்காமல் சுவையூட்டிய ஹூக்காப் புகையிலையையே நிறுத்தலாம் என்பது என் கருத்து. பிள்ளையை இழுப்பது புகையிலை இல்லை, அந்த ஆப்பிளும் புதினாவும்தான். இன்னொன்று, சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட்டிருக்கிறோம். ஹூக்கா இழுக்கிறவன் புகையிலைப் பெட்டியைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை. பிசைந்து, கரி வைத்து, தயாராகத்தான் அவன் முன் வருகிறது. துருக்கியில் எச்சரிக்கையைக் குடுவையின் மேலேயே பதிக்கச் சொல்லி விதி செய்தார்கள். குடுவை விற்பனையை நம்மால் உடனே தடுக்க முடியாவிட்டால் இதையாவது செய்யலாம்.

நாடு முழுக்கப் பெரியவர்களின் புகையிலைப் பயன்பாடு 2009-10-இல் இருந்த 34.6 சதவீதத்திலிருந்து 2016-17-இல் 28.6 சதவீதமாகக் குறைந்தபோது, தமிழ்நாட்டில் அது 16.2-இலிருந்து 20 ஆகக் கூடியது. நாம் மற்றவர்களைவிட மேல் என்று ஆறுதல்பட்டுக்கொண்டு உட்கார இந்தக் கணக்கு விடவில்லை.

ஊர் அளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. தொழில் உரிமம் கொடுப்பது பேரூராட்சி. பள்ளியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு 100 கஜ எல்லையைக் காட்டும்படி மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கோடு இருக்கிறதா, கோட்டுக்குள் கடை இருக்கிறதா என்று கவுன்சிலரைக் கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஊரே கூடி நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரி பங்குத்தந்தை ஒரு வார்த்தை சொன்னால் என் கட்டுரையைவிடப் பலன் கொடுக்கும்.

பழக்கம் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் அடிக்க வேண்டாம், அழ வேண்டாம். 1800-11-2356 என்பது புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண். தென்மாநிலங்களுக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதன் மையம் இயங்குகிறது. மனம் விட்டுப் பேச 14416. அரியலூரில் 2022-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாவட்டத்துக்குள்ளேயே மனநல மருத்துவரைப் பார்த்துவிடலாம். வாரத்துக்கு ஒருநாள் என்றாலும் நிகோடின் தன் வேலையைச் செய்யும். ‘எப்பவாவதுதானே’ என்பவர்களும் கேட்க வேண்டிய எண்கள்தான் இவை.

அந்த வீட்டுக்கு நானும் தங்கையும் போனோம். குடுவை கொண்டுவந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சட்டத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. “பசங்க சும்மா கேட்டாங்கன்னு கொடுத்தேன்க்கா. இது புகையிலைன்னே நான் நெனச்சதில்ல.” அங்கே பாலைவனத்து வேலை முடிந்து ராத்திரி கூட இருப்பவர்களோடு உட்கார்ந்து இழுத்துப் பழகியவன். உள்ளேயிருந்து அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேஸ் போட்டுடுவியாம்மா?”

போடவில்லை. போட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குள் கேள்வி இருக்கிறது. விற்கிறவனாக இருந்தால், இரண்டாம் முறையாக இருந்தால், நிச்சயம் 1098-ஐக் கூப்பிட்டிருப்பேன். அன்று, அந்த மாடியில் உட்கார்ந்த மற்ற மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் அவனே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டேன். போனான். ஒரு வீட்டில் திட்டு வாங்கினான், ஒரு வீட்டில் காபி கொடுத்தார்களாம். மூன்றாவது வீட்டுக்காரம்மா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தன நாளாப்பா?”

தங்கை மகன் சென்னைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். விடுதி அறையில் நாலு பேர். சனிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன்.